கோழியா, ஆடா, கடையா? கொழும்பில் சிறு வளவு வைத்திருப்பவர்களுக்கு

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் கொட்டாவையில் இருபது பேர்ச் வாங்கி வீடு கட்டிக் குடிபோன அண்ணா. இன்னொருவர் வத்தளையில் பத்துப் பேர்ச்சில் மாமியாரோடும் இரண்டு சின்னப் பிள்ளைகளோடும் இருக்கிற தங்கச்சி. மூன்றாமவர் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு பாதுக்கைப் பக்கம் அரை ஏக்கர் தேடுகிற தம்பி. சாப்பாட்டுக்கென்று வீட்டில் எதையாவது வளர்க்கலாமா, கோழி நல்லதா ஆடு நல்லதா, அல்லது பேசாமல் கடையிலேயே வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

மூன்று பேரும் இடம், காசு, மணம், அயல் எல்லாவற்றையும் பற்றி விவரமாகக் கேட்டார்கள். யார் அறுப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் எட்டு வருடமாக ஹெந்தளைப் பக்கம் பன்னிரண்டு பேர்ச்சில் கோழி வளர்க்கிறேன், இரண்டு வருடம் ஆடும் வைத்திருந்தேன், சின்ன வயதில் சுன்னாகத்தில் அம்மம்மா வளவில் கோழிகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில்தான் வளர்ந்தேன். அதனால் சொல்கிறேன், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு குஞ்சுகூட வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்யலாம்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, கை. வளர்க்கிற உயிர் ஒருநாள் சாக வேண்டியிருந்தால் அதை யார் செய்வது? நீங்களா, வீட்டில் வேறு ஒருவரா, அயலில் கைப்பழக்கம் உள்ள ஒருவரா, அல்லது வாங்க வருகிற வியாபாரியா? நான்கும் நான்கு வேறு விஷயம். "அந்த நேரம் பார்ப்போம்" என்றவர்கள் வீட்டில்தான் கடைசியில் கோழியும் கஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன், ஆட்களும் கஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, இடம். நம் ஊர்க் கணக்கில் ஒரு பரப்பு என்பது கிட்டத்தட்டப் பத்துப் பேர்ச், அதாவது 2,700 சதுர அடி சொச்சம். அதில் வீடு, வாகனம் நிறுத்துமிடம், மலக்குழி எல்லாம் போக மிஞ்சுவது பின்பக்கத்தில் ஒரு துண்டு. அந்தத் துண்டு மழைக்கு நிற்குமா என்று பாருங்கள். கொழும்பில் மே மாதம் தென்மேல் பருவமழை, பிறகு ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. களனி கங்கைக்குக் கிட்ட, கொலன்னாவை, கடுவெலைப் பக்கம் இருப்பவர்களுக்கு 2016 மே வெள்ளம் ஞாபகம் இருக்கும். தண்ணீர் ஏறும் இடத்தில் கூடு போட்டால் முதலில் போவது கூட்டில் அடைபட்ட உயிர்தான்.

மூன்றாவது, அயல். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு அங்காலே அடுத்த வீடு தூரம். இங்கே மதிலுக்கு அங்காலே அடுத்தவரின் படுக்கையறை ஜன்னல்.

நான்காவது, நேரம். அதுவும் நீங்கள் ஊரில் இல்லாத நேரம். நல்லூர்த் திருவிழாவுக்கு ஐந்து நாள் போனால் யார் தண்ணீர் வைப்பது?

காசை ஐந்தாவதாக வைக்கிறேன். சிறு வளவில் வளர்ப்பதில் பெரிய மிச்சம் வராது, மிச்சம் வரும் என்ற எண்ணத்தில் மட்டும் தொடங்குகிறவர்கள் ஒரு வருடத்தில் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று தெரிந்திருந்தால் போதும்.

## முட்டைக்கு மட்டும் கோழி

கொழும்பில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்துவது இதுதான். நாலோ ஆறோ பேடுகள், பதினாறு, பதினெட்டு வாரத்தில் முட்டையிடத் தயாரான நிலையில் வாங்குவது நல்லது. ஒருநாள் குஞ்சாக வாங்கினால் மலிவு என்று தோன்றும், ஆனால் முதல் முட்டைக்கு முன்பே ஒவ்வொன்றும் ஏழு கிலோ அளவு தீனி தின்றுவிடும், இடையில் சாவதும் உண்டு.

சேவல் இல்லாமலே பேடு முட்டையிடும், குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் இப்போதும் பலர் ஆச்சரியப்படுகிறார்கள். சேவல் இல்லாவிட்டால் விடியற்காலைக் கூவலும் இல்லை, அயலோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தீனிக் கணக்கு எளிது. ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 115 கிராம் அளவு. ஆறு கோழிக்கு நாளைக்கு 700 கிராம், மாதம் 21 கிலோ. நல்ல பருவத்தில் ஆறு கோழி நாளைக்கு ஐந்து முட்டை தரும். ஆகவே ஒரு கிலோ லேயர் தீனியின், அதாவது முட்டைக்கோழித் தீனியின், விலையை ஏழால் வகுத்தால் ஒரு முட்டைக்கான தீனிச் செலவு வரும். கடை விலையோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கூடு, கம்பிவலை, மரத்தூள், ராணிக்கெட் என்ற கோழி நோய்க்கான தடுப்பு மருந்து எல்லாம் அதற்கு மேலே. சமையலறையில் மிஞ்சுகிற சோறு, கோவா இலை, மீன் தலை கொடுத்தால் தீனி கொஞ்சம் குறையும், ஆனால் அதை மட்டும் கொடுத்து வளர்க்க முடியாது, முட்டை நின்றுவிடும். ஊர்க்கோழி வைத்தால் தீனிச் செலவு குறைவு, ஆனால் வருடத்துக்கு அறுபது, எழுபது முட்டைதான். இடையில் அடை கிடக்கும்.

கணக்கில் வராத செலவுகள் இருக்கின்றன. தீனி சிந்தினால் எலி வரும், எலி வந்தால் எலிக்காய்ச்சல் பயமும் வரும், எலியைத் தேடிச் சாரைப்பாம்பும் வரும். கீரி, மரநாய், கால்வாய் ஓரமானால் கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு, மூன்றும் கொழும்பில் தாராளமாக உண்டு. கோழிவலை என்று விற்கிற மெல்லிய கம்பியை மரநாய் கிழித்துவிடும். என்னுடைய முதல் நாலு கோழியும் அப்படி ஒரே இரவில் போனவை. அடுத்த கூட்டுக்குத் தடித்த சதுரக் கம்பி போட்டு, கீழே ஒரு அடி மண்ணுக்குள் இறக்கினேன். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் கவிழ்த்து ஊற்றவும் வேண்டும். டெங்கு மாதங்களில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கும்போது கோழிப் பாத்திரமும் கணக்கில் உண்டு, அது நியாயமும்கூட.

வீட்டில் கோழி இருந்தால் சந்தை விலை நம்மைத் தொடாது என்று நானும் நினைத்தேன். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், சோள விளைச்சல் விழுந்தது, பிறகு டொலரும் இல்லாமல் போனது, தீனி மூட்டை விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. 2022 ஓகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, சிவப்பு முட்டைக்கு 45 ரூபா என்று கட்டுப்பாட்டு விலை போட்டது, அந்த விலைக்கு விற்கக் கட்டாது என்று பண்ணைக்காரர்கள் சொன்னார்கள், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலைக்குப் போனோம். அந்தக் காலத்தில் என் கோழிகளும் அதே மூட்டைத் தீனியைத்தான் தின்றன. எட்டில் நாலைக் குறைத்துக்கொண்டேன்.

"குறைத்துக்கொண்டேன்" என்று எழுதுகிறேன், அது அறுத்தேன் என்பதுதான். முட்டை மட்டும் என்று தொடங்குகிறவர்கள் பார்க்கத் தவறுவது இதைத்தான். பேடு நன்றாக இடுவது இரண்டு வருடம். பிறகு குறையும். ஆனால் அது ஆறு, ஏழு வருடம் உயிரோடு இருக்கும். நாலு வருடம் முட்டையில்லாமல் தீனி போட்டு வைத்திருக்கலாம், அது அழகான முடிவு, ஆனால் பத்துப் பேர்ச்சில் புதுக் கோழிக்கு இடம் இருக்காது. யாருக்காவது கொடுக்கலாம், அவர் சமைக்கத்தான் வாங்குவார். அல்லது நீங்களே அறுக்கலாம். இறைச்சி கடினமாக இருக்கும், குக்கரில் நேரம் எடுக்கும், ஆனால் சொதிபோல வைத்தால் அந்த ருசி கடைக்கோழியில் வராது. இன்னொன்றும் உண்டு: முட்டைக்கோழிக் குஞ்சுகளைப் பொரிக்கும் இடத்தில் முதல் நாளே பிரித்துவிடுவார்கள், சேவல் குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சியும் வைக்காது என்பதால் அதை அங்கேயே முடித்துவிடுவார்கள். நீங்கள் ஆறு பேடு வாங்கினால் ஏறத்தாழ ஆறு சேவல் குஞ்சு எங்கோ போயிருக்கிறது. வீட்டிலேயே அடைவைத்தால் அந்தச் சேவல்கள் உங்கள் வளவில் கூவும். இதைத் தெரிந்துகொண்டுதான் நான் முட்டை சாப்பிடுகிறேன், கோழியும் வளர்க்கிறேன். தெரியாமல் "நாங்கள் உயிரைக் கொல்வதில்லை, முட்டைக்கு மட்டும்தான்" என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இது யாருக்குப் பொருந்தும்: பத்துப் பேர்ச் வீடு, சின்னப் பிள்ளைகள், தினமும் காலையில் இருபது, மாலையில் இருபது நிமிடம் ஒதுக்கக் கூடியவர்கள், கிழட்டுக் கோழியை என்ன செய்வது என்று முன்கூட்டியே வீட்டில் பேசி முடித்தவர்கள்.

## இறைச்சிக்குக் கோழி

இதில் இரண்டு வழி. புரொய்லர் ஒன்று, ஊர்க்கோழி ஒன்று. இரண்டையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

புரொய்லர் ஐந்து, ஆறு வாரத்தில் இரண்டு கிலோ வந்துவிடும், மூன்றரைக் கிலோ அளவு தீனி தின்னும், துப்புரவாக்கினால் ஒன்றே கால், ஒன்றரைக் கிலோ இறைச்சி. இருபது குஞ்சு போட்டால் எழுபது கிலோ தீனிக்கு இருபத்தெட்டுக் கிலோ இறைச்சி. பண்ணைகளுக்குத் தீனி மொத்த விலையில் கிடைக்கிறது, நமக்குச் சில்லறை விலை. ஆகவே காசில் நீங்கள் வெல்ல மாட்டீர்கள். கோழி என்ன தின்றது, எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் இதைச் செய்யலாம்.

முதல் இரண்டு வாரம் பல்ப் வெளிச்சத்தில் சூடு வைக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில் என்னிடம் ஒரு வாரக் குஞ்சுகள் இருபத்தைந்து இருந்தன. இரவில் மழை. வெந்நீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி வைத்தேன், மணிக்கொருதடவை மாற்றினேன், விடியும்போது ஒன்பது போய்விட்டது. அந்தக் காலைக்குப் பிறகு நான் புரொய்லர் போடவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. புரொய்லர் காத்திருக்காது. ஆறு வாரம் கடந்தால் அதன் உடம்பு அதற்கே பாரமாகிறது, கால் தாங்காது, ஏப்ரல் வெக்கையில் நின்றபடியே மூச்சு முட்டிச் சாகும். நமக்கு மனம் வரவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளினால் அந்தத் தள்ளலைக் கோழிதான் அனுபவிக்கும். அதோடு இருபதும் ஒரே வாரத்தில். ஒரு கோழி அறுப்பது வேறு, ஒரு காலையில் இருபது அறுப்பது வேறு, ஏழாவது, எட்டாவதில் கை அலுத்துப்போய்க் கவனம் போகும். கவனம் போனால் வெட்டு சரியாக விழாது. குடலும் இறகும் எங்கே போடுவது? குப்பை லொறிக்காரர் எடுக்க மாட்டார், எடுக்கச் சொல்வதும் நியாயமில்லை. இரண்டடி ஆழம் தோண்டித் தாழ்க்க வேண்டும், அல்லது தெருநாயும் காகமும் அதை அயல் வீட்டு முற்றம் வரை கொண்டுபோகும்.

ஊர்க்கோழி இதற்கு நேர்மாறு. ஐந்து, ஆறு மாதம் எடுக்கும், எடை குறைவு, ஆனால் தானே அலைந்து பாதிச் சாப்பாடு தேடும், தானே அடைகிடந்து இருபத்தொரு நாளில் குஞ்சு பொரிக்கும், காகம் வந்தால் இறகை விரித்துக்கொண்டு பாயும். வேண்டும்போது ஒன்று அறுக்கலாம். சேவல் குஞ்சுகளை இறைச்சிக்கு, பேடுகளை முட்டைக்கு என்று அம்மம்மா காலத்தில் இருந்த ஒழுங்கு அது, நான் பார்த்ததில் மனதுக்கு அதுதான் ஓரளவு சமாதானமான வழி. இருபது பேர்ச்சுக்குக் குறைந்த இடத்தில் சரிவராது. சேவல் கூவும், மதில் ஏறும், அயலவரின் கீரைப் பாத்தியைக் கிளறும்.

அறுப்பதைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் நாள் இரவு தீனி போடாமல் தண்ணீர் மட்டும் வையுங்கள். விடியற்காலை இருட்டோடு, கோழி அமைதியாக இருக்கும்போது கூட்டிலிருந்து எடுங்கள், வளவெல்லாம் துரத்திப் பிடிக்காதீர்கள். மற்றக் கோழிகள் பார்க்காத இடம் வேண்டும். கத்தி அன்றைக்குத் தீட்டியதாக இருக்க வேண்டும். தலைகீழாக இறுக்கிப் பிடிக்க ஒரு கூம்பு இருந்தால் சிறகடித்து அடிபடாது. ஒரே வெட்டு. இரத்தம் முழுக்க வடிய இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு கொதிக்காத, ஆனால் கை வைக்க முடியாத சூட்டுத் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கினால் இறகு வரும். இதைத் தனியாகப் படித்துச் செய்யாதீர்கள், தெரிந்தவர் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று தடவை செய்த பிறகு தனியாகச் செய்யுங்கள்.

என் மதிலுக்கு அங்காலே இருப்பவர் வயதான சிங்கள அம்மா. கோழி சாப்பிடுகிறவர்தான், ஆனால் உயிர் போகிற சத்தம் கேட்டால் அன்றைக்கு முழுக்க அவருக்கு மனம் சரியில்லை. ஒருநாள் மதிலடிக்கு வந்து இரண்டே இரண்டு விஷயம் கேட்டார்: போயா நாளில் வேண்டாம், மற்ற நாளில் முதல் நாளே சொல்லிவிடு மகள். எனக்கு அது அதிகமாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து முதல் நாள் பின்னேரம் சொல்லிவிடுவேன், அவர் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவார். எட்டு வருடம் இப்படிப் போகிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டியும் எப்படியோ அவருக்குப் போயா அப்படி. முஸ்லிம் நண்பர்கள் சாப்பிட வருகிற நாளென்றால் தெருமுனை வீட்டு நானாவைக் கூப்பிட்டு அவர் கையால் அறுப்பிக்கிறோம். அவருடைய கைச்சுத்தத்தைப் பார்த்துத்தான் நானும் பழகினேன்.

## ஆடு

ஆட்டிறைச்சி விலையைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் ஆட்டு ஆசை வருகிறது. ஜமுனாபாரி, கொட்டுகச்சிய என்று ஆட்டினப் பெயர்களும் கேட்டு வைத்திருப்பார்கள். சினை ஐந்து மாதம், குட்டி பிறந்து எட்டு, பத்து மாதத்தில் இருபது, இருபத்தைந்து கிலோ, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய இறைச்சி. கணக்கு நன்றாகத்தான் இருக்கும்.

குழைக்கு எங்கே போவது? வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளைக்கு மூன்று, நாலு கிலோ பச்சைக் குழை வேண்டும். சுன்னாகத்தில் வேலி முழுக்கக் கிளிசிரிடியாவும் பூவரசும், பலா ஒன்று வீட்டுக்கு வீடு. ஹெந்தளையில் நான் தினமும் வேலை முடிந்து வரும்போது பலாக்குழை, இப்பில் இப்பில் தேடி மூன்று தெரு சுற்றினேன். தெருவோரக் குழையில் வாகனப் புகை, நாய் மூத்திரம், யார் என்ன மருந்து அடித்தார் என்பதும் தெரியாது. மழைக்காலத்தில் ஈரக் குழை தின்றால் வயிறு ஊதும். ஆடு நனையவும் கூடாது, குளம்பு அழுகும், குடற்புழு ஏறும். தரையிலிருந்து இரண்டடி உயர்த்திப் பலகை அடித்த கொட்டில் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் தனிமையில் நாள் முழுக்கக் கத்தும், குறைந்தது இரண்டு வைக்க வேண்டும். கிடாய் மணம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கையைப் பற்றிய கேள்வி இங்கே இன்னும் பாரமாகிறது. கோழியை வீட்டில் அறுப்பதுபோல ஆட்டை அறுக்க முடியாது. கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டில் வந்தது, இன்றைக்கும் அதுதான் அடிப்படை, எங்கே அறுப்பது, யார் அறுப்பது என்பது உங்கள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபையின் அனுமதியோடு சேர்ந்த விஷயம். முதலில் அங்கே போய்க் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அந்தச் சிரமத்துக்குப் போகாமல் வியாபாரிக்கு விற்றுவிடுகிறார்கள். நானும் விற்றேன். இரண்டு வருடம் என் கையால் குழை தின்ற கிடாய்கள் இரண்டு. வந்தவர் நாலு காலையும் சேர்த்துக் கட்டி, ஓட்டோவின் கால்மிதியில் ஒன்றின்மேல் ஒன்று போட்டார். தெரு திரும்பும் வரை அந்தச் சத்தம் கேட்டது. நான் காசைக் கையில் வைத்துக்கொண்டு படலையில் நின்றேன். அறுத்தது அவர், அது என் பாவம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், என்னால் அதை நம்ப முடியவில்லை. ஒரு உயிரின் கடைசி மணித்தியாலத்தை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால், அதுவரை பார்த்த பார்வைக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அதோடு ஆடு நின்றது.

அம்மம்மா ஊரில் வேள்விக்கென்று கிடாய் வளர்ப்பார்கள். நேர்ந்துவிட்ட கிடாய்க்குக் கஞ்சியும் புண்ணாக்கும் வைத்து வீட்டுப் பிள்ளைபோலப் பார்ப்பார்கள், அந்த நாளில் கொண்டுபோவார்கள், பங்கு வீட்டுக்கு வரும். 2011இல் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலில் பலிக்கு வைத்திருந்த ஆடு கோழிகளை அமைச்சர் ஒருவர் போய் எடுத்துச் சென்றபோது நாடெல்லாம் பேச்சு, 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் மிருகபலியைத் தடுத்தது. சாமிக்கு முன்னால் இரத்தம் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்த நாட்களில் அதை எதிர்த்துச் சத்தமாகப் பேசிய பல பேர் அதே பின்னேரம் பிரியாணி சாப்பிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த சாவுக்கு ஒரு நியாயமும் தெரியாத சாவுக்கு ஒரு நியாயமும் வைக்க என்னால் முடியவில்லை.

ஆடு யாருக்குப் பொருந்தும் என்றால், அரை ஏக்கராவது வேண்டும், ஹோமாகம, பாதுக்கை, அவிசாவளைப் பக்கம், குழைக்குச் சொந்த வேலி நட்டு ஒரு வருடம் வளர்ந்த பிறகு. பாலுக்கென்று ஒன்றிரண்டு மறி வைப்பவர்களுக்கும் சரி, ஆனால் மறி குட்டி போட்டால்தான் பால், குட்டிகளில் பாதி கிடாய்.

## மற்றவை, சுருக்கமாக

முயலுக்கு இடம் குறைவு, சத்தம் இல்லை, சினை ஒரு மாதம். ஆனால் நம் வீடுகளில் பிள்ளைகள் உள்ள இடத்தில் முயலை அறுத்ததை நான் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை, எல்லாம் செல்லப்பிராணியாகத்தான் முடிந்தது. காடை ஆறு, ஏழு வாரத்தில் முட்டையிடும், பல்கனிக்கும் சரிவரும் என்பார்கள், சிறிய கூண்டில் பூட்டி வைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. சிமெந்துத் தொட்டியில் திலாப்பியா வளர்ப்பதற்குக் காற்றுப் பம்பும் மின்சாரமும் வேண்டும். பன்றி ஜா-எலப் பக்கம் பழக்கமான தொழில், ஆனால் 2024இல் மேல் மாகாணத்தில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது, அதற்கு மருந்து இல்லை. சிறு வளவில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

## வளர்க்காமல் வாங்குவது

இதைத் தோல்வி மாதிரிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு இரண்டு வேலை பார்க்கிறவருக்குக் கடைதான் சரி. காசு குறைவு, நேரம் மிச்சம், அயலோடு சண்டை இல்லை.

விலைச்சீட்டில் இல்லாத செலவு வேறு. புரொய்லர் ஒன்றுக்கு ஒரு சதுர அடி அளவு இடம், கூண்டு முறையில் வளர்க்கிற முட்டைக்கோழிக்கு ஒரு ஏ4 தாள் அளவுகூடச் சில இடங்களில் இல்லை. அதைப் பார்க்காமல் வாங்குகிறோம். பார்த்துவிட்டு வாங்குவதற்கும் வழி உண்டு: குருநாகல், புத்தளம் பக்கம் சொந்தக்காரரோ சிநேகிதரோ இருந்தால் கோழியைத் தரையில் விட்டு வளர்க்கிறவர் ஒருவரைக் கண்டுபிடித்து மாதம் ஒருதடவை வாங்கலாம், இரண்டு மூன்று வீடு சேர்ந்தால் போக்குவரத்துச் செலவும் கட்டும். விலை கூடுதல்தான். கிழமைக்கு மூன்று நாள் இறைச்சி என்பதை ஒரு நாளாக்கினால் அந்த விலையில் சமாளிக்கலாம். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான், கோழி வளர்க்கத் தொடங்கிய பிறகு நாங்கள் இறைச்சி சாப்பிடுவது பாதியாகக் குறைந்தது. ஒருவரும் தீர்மானம் போடவில்லை, அறுக்கிற நாளை யோசித்தால் அந்தக் கிழமை பருப்பும் கத்தரிக்காயும் போதும் என்று தோன்றியது. முழுக்க விட்டுவிட்டவர்களையும் எனக்குத் தெரியும், ஆட்டை வளர்த்த பிறகு மரக்கறிக்கு மாறிய மாமி ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்.

## ஒரே பார்வையில்

| | குறைந்த இடம் | முதல் பலன் | தினசரி வேலை | கடைசி நாளில் |
|---|---|---|---|---|
| முட்டைக்கோழி (6) | 10 பேர்ச் | வாங்கி ஒரு மாதத்துக்குள் | 40 நிமிடம் | இரண்டு வருடத்துக்குப் பிறகு, ஒன்றொன்றாக |
| புரொய்லர் (20) | 15 பேர்ச் | 6 வாரம் | ஒரு மணித்தியாலம், முதல் இரு வாரம் இரவும் | எல்லாம் ஒரே வாரத்தில், தள்ள முடியாது |
| ஊர்க்கோழி | 20 பேர்ச் | 6 மாதம் | அரை மணித்தியாலம் | வேண்டும்போது ஒன்று |
| ஆடு (2) | அரை ஏக்கர் | 10 மாதம் | இரண்டு மணித்தியாலம், குழையோடு | சபை அனுமதி, அல்லது வியாபாரி |
| வாங்குவது | இல்லை | இன்றைக்கு | இல்லை | நீங்கள் பார்ப்பதில்லை |

இடமும் நேரமும் என் அனுபவத்தில் சொன்னது, உங்கள் வளவுக்குக் கொஞ்சம் மாறும்.

பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று. என் மகளுக்கு ஆறு வயதில் ஒரு சேவலுக்கு "ராசா" என்று பெயர் வைத்தாள். அதை அறுத்த அன்று அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பின்னேரம் "ஓடிப்போய்விட்டது" என்று சொன்னேன். ஒரு மாதம் தேடினாள், படலையைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் செய்ததில் மிகப் பெரிய பிழை அது. அதற்குப் பிறகு எதற்குப் பெயர் வைக்கலாம், எது சாப்பாட்டுக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன், பார்க்க வேண்டாம் என்றால் பார்க்க வேண்டாம், சாப்பிட வேண்டாம் என்றால் சாப்பிட வேண்டாம். இப்போது அவளுக்குப் பதின்மூன்று. முட்டை சாப்பிடுவாள், எங்கள் கோழி இறைச்சி சாப்பிட மாட்டாள், கடைக்கோழியும் சாப்பிட மாட்டாள். அவளுடைய முடிவு அது, வீட்டில் எல்லோரும் மதிக்கிறோம்.

மூன்று பேருக்கும் நான் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். வத்தளைத் தங்கச்சிக்கு நாலு பேடு, சேவல் வேண்டாம், மாமியார் சைவம் என்பதால் கிழட்டுக் கோழிகள் வீட்டில் அறுபடாது, ஆகவே அவற்றை எடுக்க ஒருவரை இப்போதே பேசி வை என்றேன். கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் தடுப்பு மருந்து நாளையும் கேட்கச் சொன்னேன். கொட்டாவை அண்ணாவுடைய அப்பா வவுனியாவில் கமம் செய்தவர், கைப்பழக்கம் உள்ளவர், பகலில் வீட்டில் இருப்பவர். அங்கே ஐந்து பேடும் ஒரு சேவலுமாக ஊர்க்கோழி, சேவல் கூவும் பக்கத்து வீட்டில் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

வெள்ளவத்தைத் தம்பிக்குப் பாதுக்கைக் காணியும் ஆடும் கனவாக இருக்கிறது. அவன் வாழ்க்கையில் ஒரு கோழியைக்கூடக் கையில் தூக்கியதில்லை. காணிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் ஒரு காலை என் வீட்டுக்கு வா என்றேன். முட்டை நின்ற பேடுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றை நான் செய்கிறேன், நீ பிடித்துக்கொள், மற்றதை நீ செய்ய முடிந்தால் செய், முடியாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், அதற்காக உன்னை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். யோசித்துவிட்டு வருகிறேன் என்றான். வருகிற சனிக்கிழமை, காலை ஐந்தரைக்கு. அன்றைக்குப் போயா இல்லை, பார்த்துவிட்டேன். வெள்ளி பின்னேரம் மதிலடியில் சொல்லிவிட வேண்டும்.